போஸ்டரில் இருக்கும் க்யூஆர் கோடு 404, ஜாங்கோவிலிருந்து மெயிலே வரவில்லை

ஈசூன்காரன்:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத் தமிழ் அமைப்பின் வெப்சைட்டைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறேன். ஜாங்கோதான், பைத்தானில் வெப்சைட் எழுத உதவும் கட்டமைப்பு. தமிழ்மொழி விழாவுக்கு முன்னால் பக்க முகவரிகளை எல்லாம் தமிழுக்கு மாற்றினோம். செத்த லிங்க் இருந்தால் தெரியட்டும் என்று, 404 (பக்கம் இல்லை) வந்தால் மெயில் அனுப்பும் புரோக்கன்லிங்க்ஈமெயில்ஸ் மிடில்வேரையும் (கோரிக்கைக்கும் பதிலுக்கும் நடுவே ஓடும் துணைநிரல்) போட்டு, மேனேஜர்ஸ் பட்டியலில் என் முகவரியைச் சேர்த்தேன். மெயில் கொட்டுகிறது, எல்லாம் ஆப்பிள் டச் ஐகான் (ஐபோன் தானாகக் கேட்கும் ஐகான் படம்) மாதிரி குப்பை. நேற்று ஓர் அம்மா போன் அடித்து, "தம்பி, நடனப் போட்டி நோட்டீஸ ஸ்கேன் பண்ணா பக்கம் இல்லன்னு வருதுப்பா" என்கிறார். வீவக (அரசு வீடமைப்பு) புளோக்கின் லிஃப்ட் அருகே நின்று நானே ஸ்கேன் செய்தேன். 404. அதற்கு மட்டும் ஒரு மெயில்கூட இல்லை. அப்புறம் எதற்கு இந்த மிடில்வேர்?

கல்லாங் நிரலாளர்:
அது சரியாகத்தான் வேலை செய்கிறது. 'எந்தப் பக்கத்தில் தப்பான லிங்க் இருக்கிறது' என்று சொல்வதுதான் அதன் வேலை. ரெஃபரர் ஹெடர் (எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று பிரவுசர் சொல்லும் வரி) காலியாக இருந்தால் கண்டுகொள்ளாது. கேமராவில் ஸ்கேன் செய்பவருக்கு முந்தைய பக்கம் ஏது? வாட்ஸ்அப்பில் தட்டி வருபவர்களும் பெரும்பாலும் அப்படித்தான். வெளித்தள ரெஃபரரில் கேள்விக்குறி இருந்தாலும் தேடுபொறி என்று நினைத்து விட்டுவிடும்.

போஸ்டருக்கு என்ஜின்எக்ஸ் சர்வரில் ஒவ்வொரு கோரிக்கையும் பதிவாகும் ஆக்சஸ் லாக்தான் கதி. 404 வந்து, ரெஃபரர் இடத்தில் வெறும் கோடு இருக்கும் வரிகளைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் லாகின் தேடி வரும் பாட்களும் (தானியங்கி நிரல்கள்) அங்கேதான் மொய்க்கும், அதனால் உங்கள் பக்க முகவரிகளின் தொடக்கத்தை வைத்து வடிகட்டுங்கள். ஐகான் குப்பைக்கு செட்டிங்ஸில் இக்னோரபிள் 404 யூஆர்எல்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் விதி) போட்டால் அடங்கிவிடும். மிடில்வேரைப் பட்டியலின் மேல்பக்கம் வையுங்கள். ரெஸ்பான்ஸ் கீழிருந்து மேலே போகும், மேலே வைக்காவிட்டால், லொகேல் மிடில்வேர் (மொழிக்கேற்ற முகவரிக்கு அனுப்புவது) திருப்பிவிடவிருக்கும் 404க்கெல்லாம்கூட மெயில் வரும்.

அங் மோ கியோ அக்கா:
தம்பி, முகவரிகளை ஸ்லக்கிஃபை (தலைப்பை முகவரித் துண்டாக, அதாவது ஸ்லக்காக, மாற்றும் ஜாங்கோ ஃபங்ஷன்) வைத்தா உருவாக்கினீர்கள்? யூனிகோடை அனுமதித்தாலும் அது தமிழைக் கடித்துத் துப்பும். பைத்தானின் ரெகெக்ஸ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணாது. "நடனப் போட்டி" கொடுத்துப் பாருங்கள், "நடனப-படட" என்று வரும்.

ஈசூன்காரன்:
அக்கா, அதேதான்! லாக்கில் கிடந்த சதவீதக் குறிச் சரத்தை (முகவரியில் தமிழெழுத்து %E0 மாதிரி மாறி நிற்பது) டீகோட் செய்தால் அழகாக "நடனப்-போட்டி". போஸ்டர் போட்டவர் ஒழுங்கான தமிழில் அடித்திருக்கிறார், டேட்டாபேஸில்தான் "படட". போஸ்டரை இனி மாற்ற முடியாது, அச்சடித்து புளோக் புளோக்காக ஒட்டியாயிற்று. ஒரு முகவரியை இன்னொன்றுக்குத் திருப்பும் ரீடைரக்ட்ஸ் ஆப்பில் அந்த முகவரியைச் சேர்த்தேன், இன்னும் 404.

கல்லாங் நிரலாளர்:
பழைய முகவரி கட்டத்தில் தமிழிலேயே அடித்தீர்களா? ரீடைரக்ட்ஸ் ஆப்பின் மிடில்வேர் என்கோட் ஆன முகவரியைத்தான் ஒப்பிடும். லாக்கில் இருக்கும் சதவீதக் குறி வடிவத்தை அப்படியே ஒட்டுங்கள். "நடனப்-போட்டி" மட்டுமே 100 எழுத்து ஆகும். கட்டத்தின் எல்லை 200, நீளமான தலைப்பு என்றால் இடிக்கும்.

ஈசூன்காரன்:
ஒட்டினேன், 301 (நிரந்தரத் திருப்பல்) போகிறது. அம்மாவிடம் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னேன், பேர் கொடுத்துவிட்டார். ஸ்லக் உருவாக்கும் ஃபங்ஷனை இந்த வாரம் நானே எழுதப் போகிறேன்.

அங் மோ கியோ அக்கா:
ஒன்று மட்டும். அந்த 404 மெயிலைக் கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முகவரியோடு ஐபி எண்ணும் அதில் இருக்கும். உங்கள் படிவம் கெட் முறையில் (நிரப்பியதை முகவரியிலேயே சேர்த்து) அனுப்பினால் பெற்றோரின் போன் நம்பர்கூட முகவரியில் ஒட்டிக்கொண்டு வரும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012லிருந்தே இருக்கிறது.