வேலையை விட்ட பிறகும் அம்மாவின் கால் மரத்துப்போவது ஏன்?

கேள்வி (ஆம்பூர் மகள்):
அம்மா வீட்டிலேயே காலணி மேல்பாகங்களுக்குப் பசை தடவிக் கொடுப்பார். ஒரே அறை, மழைக்காலத்தில் சன்னலும் சாத்தியிருக்கும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு. பிறகு இரண்டு பாதங்களும் மரத்துப்போயின. செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை. சர்க்கரை சோதனையில் குறை இல்லை. தீபாவளியோடு வேலையை நிறுத்திவிட்டோம். ஆனால் இப்போது விரல்களிலும் மரப்பு, படியேறவும் திணறுகிறார். “நிறுத்திய பிறகு கூடுகிறதென்றால் பசை காரணமாக இருக்காது” என்கிறார் மாமா. அது சரியா?

பதில் (ஓய்வுபெற்ற தொழிற்சாலை மருத்துவர்):
சரியில்லை, சகோதரி. மாமா சொல்லும் இதே காரணத்தால்தான் பலருடைய நோய் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது. காலணிப் பசைகள் பலவற்றில் ஹெக்சேன் என்ற கரைப்பான் கலந்திருக்கும். மூச்சோடு போகும் ஹெக்சேனை உடல் 2,5-ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. நரம்பிழைக்குள் இருக்கும் புரத இழைகளை அது ஒன்றோடொன்று பிணைத்துவிடும். இழை அங்கங்கே வீங்கி, நுனிக்குப் போகவேண்டியவை வழியிலேயே தேங்குகின்றன. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல்தானே முதலில் காயும்? மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவது. ஆகவே பாதம் முதலில், கைவிரல் அடுத்து.

முன்பே கெட்ட இழைகள் சிதைவது உடனே நிற்காது. வேலையை நிறுத்திய பிறகும் சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள்வரை மரப்பும் பலவீனமும் கூடிக்கொண்டே போகலாம். பிறகுதான் மெல்லத் திரும்பும். நரம்பு வளர்வது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எனவே மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஓரளவு குறை தங்கிவிடுவதும் உண்டு.

1960களில் ஜப்பானில், வீட்டிலேயே செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்கு இதே நோய் வந்தது. அவர்களும் காற்றோட்டமில்லாத சிறு அறைகளில் வேலை செய்தவர்கள்தான்.

ஆனாலும் பசைதான் காரணம் என்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். வைட்டமின் பி12 குறைவு, தொழுநோய், காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிட் மாத்திரை ஆகியவையும் மரப்பைத் தரும். நரம்பியல் மருத்துவரிடம் நரம்புக் கடத்தல் சோதனை செய்யச் சொல்லுங்கள். எந்தப் பசை, எத்தனை ஆண்டு, எந்த அறை என்று எழுதிக் கொடுங்கள். அவர் கேட்கமாட்டார் என்றே வைத்துக்கொண்டு நீங்களே சொல்லுங்கள். நடப்பதில் திணறல் கூடியிருப்பதால் இந்த வாரமே போங்கள்.

பதில் (முன்னாள் லைன் மேற்பார்வையாளர்):
ஹெக்சேன் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையோடு தேங்கும். கூரையில் மின்விசிறி சுழல்வது மட்டும் போதாது, உறிஞ்சும் விசிறி வேலை செய்யும் இடத்தருகே தாழ்வாக இருக்கவேண்டும். துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. கையில் ஒட்டிய பசையைத் தின்னரால் கழுவும் பழக்கமும் கூடாது, தோல் வழியாகவும் உள்ளே போகும். பசை டின்னை எறியாமல் மூடிவைத்து, அதன் லேபிளைப் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆம்பூர் மகள்:
நன்றி ஐயா. டின் கொல்லைப்புறத்தில்தான் கிடக்கிறது, லேபிளில் பாதி கிழிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவும் அதே பசையைத்தான் தடவுகிறார். பாதம் எரிகிறது என்று போன வாரம்தான் சொன்னார். அவரையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.