வீட்டு நீச்சல் குளத்துக்கு சாண்ட் ஃபில்டரா பைப்லெஸ் ஃபில்டரா? எங்க போர் தண்ணி வேற ரொம்ப உப்பு

தொண்டாமுத்தூர்_தோட்டம்:

எல்லாருக்கும் வணக்கங்க. கோவை பக்கம் தொண்டாமுத்தூர் ரோட்டுல தோட்டத்துக்குள்ள வீடு கட்டிட்டு இருக்கோம். பசங்க ரெண்டு பேரு, 8 வயசு 11 வயசு, லீவு விட்டா கிணத்துலதான் குதிக்கறாங்க, படி எல்லாம் பாசி பிடிச்சு கிடக்குது, பாக்கறப்பவே எனக்கு பக்குனு இருக்குங்க. அதனால 24 அடிக்கு 12 அடி, ஒரு பக்கம் மூணரை அடி இன்னொரு பக்கம் அஞ்சு அடி ஆழத்துல சின்னதா ஒரு நீச்சல் குளம் கட்டிரலாம்னு முடிவு பண்ணிட்டோம். குழி தோண்டியாச்சு, கம்பி கட்டிட்டு இருக்காங்க.

இப்ப ஃபில்டர்லதான் குழப்பம். ஒரு காண்ட்ராக்டர் பைப்லெஸ் ஃபில்டர் போடுங்க, சுவத்து மேல மாட்டி விட்டா போதும், பைப்பும் வேண்டாம் மோட்டார் ரூமும் வேண்டாங்கறார். இன்னொருத்தர் 16 இன்ச் சாண்ட் ஃபில்டர், ஒன்றரை ஹெச்பி மோட்டார்னு கொட்டேஷன் குடுத்திருக்கார், மோட்டார் பெருசா இருந்தா தண்ணி சீக்கிரம் சுத்தமாகும்னு சொல்றார். எங்க போர் தண்ணி உப்புங்க, பக்கெட் அடியில வெள்ளையா படியும், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. சுத்தி வேப்ப மரமும் புங்க மரமும் இருக்கு. மாசம் ஒரு தடவ தண்ணிய மாத்துற அளவுக்கு இங்க தண்ணி கிடையாது. அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

நீலாங்கரை_அம்மா:

சகோ, நாங்க சென்னைல ஈசிஆர் பக்கம், அஞ்சு வருஷமா பைப்லெஸ்தான் வச்சிருக்கோம், அதனால அத பத்தி மட்டும் சொல்றேன். நல்லது என்னன்னா டைல்ஸுக்கு அடியில பைப் எதுவும் போகாது, லீக் ஆயிடுமோன்னு பயப்பட வேண்டாம், கழட்டி வெளிய வச்சே ரிப்பேர் பாக்கலாம். வாடகை வீடு, மொட்டை மாடில சின்ன தொட்டி, இதுக்கெல்லாம் அருமையா இருக்கும். ஆனா அது உறிஞ்சுறதும் திருப்பி விடறதும் ஒரே இடத்துல. எதிர் மூலைல தண்ணி அசையறதே இல்ல, எங்களுக்கு பச்சை பிடிக்க ஆரம்பிச்சதெல்லாம் அந்த மூலைலதான். 24 அடிக்கு ஒரு மெஷின் பத்தாதுன்னுதான் நினைக்கறேன்.

உப்புத் தண்ணி விஷயம் அதைவிட முக்கியம். எங்களுது உள்ள கார்ட்ரிட்ஜ் இருக்கற மாடல், மடிப்பு மடிப்பா துணி மாதிரி இருக்கும். முதல் வருஷம் எங்களுக்கு ஒண்ணும் தெரியாம ஓஸ்ல அடிச்சு கழுவி கழுவி மாட்டிட்டே இருந்தோம், ஒரு நாள் கையில எடுத்தா அந்த மடிப்பெல்லாம் காஞ்ச அப்பளம் மாதிரி விறைச்சு நிக்குது, நகத்தால சுரண்டினா வெள்ளையா சுண்ணாம்பு உதிருது. ஆசிட் தண்ணில ஊற வைன்னு யாரோ சொன்னாங்கன்னு ஊற வச்சேன், வேஸ்டா போச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, முதல்ல உடம்பு எண்ணெய், சன்ஸ்கிரீன் பிசுக்கு எல்லாம் போக எண்ணெய் எடுக்கற கரைசல்ல ராத்திரி முழுக்க ஊற வச்சு நல்லா அலசிட்டு அதுக்கப்புறம்தான் ஆசிட் தண்ணின்னு. நேரா ஆசிட்ல போட்டா பிசுக்கு உள்ளயே இறுகிப் போயிடும்.

கார்ட்ரிட்ஜ் மணலைவிட பொடி அழுக்கையும் பிடிக்கும், பேக்வாஷ்னு (தண்ணிய எதிர்ப்பக்கமா விட்டு ஃபில்டர அலசறது) தண்ணி வீணாகாது, அதெல்லாம் உண்மை. ஆனா உங்க தண்ணிக்கு நீங்க மாசாமாசம் இந்த வேலைய பண்ண தயாரா இருக்கணும். இப்பவே குழி தோண்டி கம்பி கட்டற ஸ்டேஜ்ல இருக்கீங்க, பைப் போட வழி இருக்கறப்ப சாண்ட் ஃபில்டரே போட்டுருங்க. எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்ல.

பூல்_மெயின்டெனன்ஸ்_திருப்பூர்:

வணக்கம் சார். 14 வருஷமா திருப்பூர் கோவை சுத்தி பூல் மெயின்டெனன்ஸ்தான் பண்றேன். மேல அம்மா சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. இதே பிரச்சனைய நிறைய வீட்ல பாத்துட்டேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல கணக்கு. உங்க பூல் சராசரி ஆழம் நாலேகால் அடி, கொள்ளளவு சுமாரா 35,000 லிட்டர் வரும். வீட்டு பூல்னா மொத்த தண்ணியும் 6 மணி நேரத்துக்குள்ள ஒரு தடவ ஃபில்டர் வழியா போயி வரணும், அப்படின்னா மணிக்கு 6,000 லிட்டர் ஓடினா போதும். இதுக்கு ஒன்றரை ஹெச்பி எதுக்குங்க? 16 இன்ச் டேங்க்ல அவ்வளவு வேகமா தண்ணிய தள்ளினா மணலுக்குள்ள ஓட்டை போட்டு வழி பண்ணிக்கிட்டு அழுக்கோடவே வெளிய வந்துரும். மோட்டார் வேகமா ஓடினா தண்ணி சுத்தமாகாது, மணல்ல தண்ணி நிதானமா இறங்கினாத்தான் சுத்தமாகும்.

நான்னா 20 இன்ச் டேங்க், முக்கால் ஹெச்பி, மணிக்கு 8,000 லிட்டர் தள்ற பூல் மோட்டார்தான் போடுவேன். அதுக்காக டேங்க இன்னும் பெருசா 24, 28னு போட்டு சின்ன மோட்டார் வச்சா அதுவும் தப்பு, பேக்வாஷ் பண்றப்ப மணல தூக்கி உதற வேகம் பத்தாது, அழுக்கு உள்ளயே கட்டியா நின்னுரும். கரண்ட் பத்தி கேப்பீங்க, முக்கால் ஹெச்பி தினம் 7 மணி நேரம் ஓடினா அஞ்சரை யூனிட் பக்கம், ரெண்டு மாச பில்லுல 330 யூனிட் சேரும். வெயில் நேரத்துல ஓட்டுங்க, பாசி வளர்றதும் குளோரின் காலியாகறதும் அப்பதான்.

மணல் விஷயத்துல மட்டும் கூடவே நின்னு பாருங்க சார். போன வருஷம் ஒரு வீட்ல பூல் கட்டி ஆறே மாசம், தண்ணி எந்நேரமும் பால் கலந்த மாதிரி கலங்கலாவே இருக்குனு கூப்பிட்டாங்க. டேங்க திறந்து கைய விட்டா கருங்கல் பொடி, கட்டி கட்டியா வருது, உள்ள போட்டிருந்தது எம் சாண்ட். கட்டடத்துக்கு வந்த மணல்ல மிச்சத்த அள்ளி போட்டுட்டாங்க. ஃபில்டருக்கு 0.4 லிருந்து 0.8 மில்லிமீட்டர் சைஸ்ல சலிச்ச குவார்ட்ஸ் மணல்தான் வேணும், 20 இன்ச்சுக்கு 80 லிருந்து 100 கிலோ பிடிக்கும், டேங்க் மேலயே அளவு எழுதியிருக்கும். மணல் கொட்டறதுக்கு முன்னாடி டேங்க்ல பாதி தண்ணி விடணும், நடு பைப்போட வாய கவர் போட்டு கட்டணும். இல்லேன்னா அடியில இருக்கற விரல் மாதிரி பைப்புங்க மணல் விழற வேகத்துல உடைஞ்சுரும், அப்புறம் பூலுக்குள்ள ரிட்டர்ன் வழியா மணலா வரும். நல்ல மணல் அஞ்சு வருஷத்துக்கு மேலயே உழைக்கும், உங்க உப்புக்கு மட்டும் வருஷம் ஒரு தடவ திறந்து கட்டி பிடிச்சிருக்கானு கிளறி பாருங்க.

பேக்வாஷ கிழமை பாத்து பண்ணாதீங்க, ஃபில்டர்ல இருக்கற பிரஷர் கேஜ பாத்து பண்ணுங்க. புது மணல் போட்டு முதல் நாள் கேஜ் என்ன காட்டுதோ அத டேங்க் மேல மார்க்கர்ல எழுதி வச்சுருங்க, அதுக்கு மேல 8 லிருந்து 10 பிஎஸ்ஐ ஏறினாத்தான் பேக்வாஷ். ரெண்டு மூணு நிமிஷம், வால்வுல இருக்கற சின்ன கண்ணாடில தண்ணி தெளிஞ்சதும் நிறுத்திரலாம், அதுக்கப்புறம் ரின்ஸ்ல (மணல திரும்ப படிய வைக்கறது) அர நிமிஷம். ஒரு தடவைக்கு 300, 400 லிட்டர் போகும், அத தென்னைக்கு விட்டுக்கலாம். அடிக்கடி பண்ணினா நல்லதுனு நினைக்கறாங்க, அப்படி இல்லீங்க, மணல்ல லேசா அழுக்கு பிடிச்சாத்தான் பொடி அழுக்க அது நிறுத்தும்.

கும்பிட்டு கேட்டுக்கறேன், மோட்டார் ஓடிட்டு இருக்கறப்ப மல்டிபோர்ட் வால்வு (ஃபில்டர், பேக்வாஷ், ரின்ஸ்னு மாத்தற வால்வு) கைப்பிடிய திருப்பாதீங்க. உள்ள நட்சத்திரம் மாதிரி ஒரு ரப்பர் கேஸ்கட் இருக்கு, ஒரே தடவைல பிச்சுக்கும், அப்புறம் ஃபில்டர் மோட்ல வச்சிருந்தாலும் வேஸ்ட் லைன்ல தண்ணி போயிட்டே இருக்கும், ராத்திரியோட ராத்திரியா பூல் இறங்கிரும். தோட்டத்துல வேலைக்கு இருக்கவங்களுக்கும் இத சொல்லிக் குடுங்க.

தொண்டாமுத்தூர்_தோட்டம்:

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அம்மா, நீங்க சொன்ன அந்த அப்பளம் உவமையோட பைப்லெஸ் ஆசை போயிருச்சுங்க. சாண்ட் ஃபில்டர்னு முடிவு பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. உப்புத் தண்ணியவே ஊத்தலாமா, இல்ல டேங்கர்ல நல்ல தண்ணி வாங்கி ரொப்பணுமா? அப்புறம் எங்கப்பா ப்ளீச்சிங் பவுடர் போட்டா போதும்டா, கிணத்துக்கு அதான போடறோம்ங்கறார்.

பூல்_மெயின்டெனன்ஸ்_திருப்பூர்:

அப்பா சொல்றது கிணத்துக்கு சரி சார். ப்ளீச்சிங் பவுடர்ல குளோரின் மூணுல ஒரு பங்குதான், மிச்சம் பெரும்பாலும் சுண்ணாம்பு, ஏற்கனவே சுண்ணாம்பா இருக்கற உங்க தண்ணில இன்னும் சுண்ணாம்பு கொட்டினா டைல்ஸ் ஓரமெல்லாம் வெள்ளை கோடு விழும், மணலும் இறுகும். லிக்விட் குளோரின் வாங்குங்க, 10 சதவீத சரக்குனா உங்க பூலுக்கு 350 மில்லி ஊத்தினா குளோரின் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) ஏறும். சாயங்காலம் ஊத்துங்க, கேன நிழல்ல வைங்க, வெயில்ல வச்சா வீரியம் போயிரும். ஊருக்கு போற நாளுக்கு டிசிசிஏ மாத்திரை (மெதுவா கரையற குளோரின் மாத்திரை) வச்சுக்கலாம், ஆனா அதையே வருஷம் பூரா போட்டா தண்ணில சயனூரிக் ஆசிட் சேர்ந்துட்டே போகும், 30 லிருந்து 50 பிபிஎம் வரைக்கும் அது வெயில்ல இருந்து குளோரின காப்பாத்தும், அதுக்கு மேல போக போக குளோரின் இருந்தும் வேலை செய்யாது. எந்த ஃபில்டரும் அத எடுக்காது, தண்ணிய இறக்கி மாத்தறது ஒண்ணுதான் வழி. இன்னொண்ணு, மாத்திரையும் ப்ளீச்சிங் பவுடரும் ஒரே டப்பாவுல, ஒரே கரண்டில படவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும்.

தண்ணிக்கு வர்றேன். போர் தண்ணிய லேப்ல குடுத்து ஹார்ட்னஸும் இரும்பும் பாத்துருங்க. இரும்பு இருந்தா குளோரின் போட்ட உடனே தண்ணி டீ கலர்ல மாறும், பயந்துராதீங்க. முதல் தடவ ரொப்பறப்ப பாதியாவது நல்ல தண்ணி கலந்தா நல்லது. பெரிய பிரச்சனை அதுக்கப்புறம்தான். வெயில்ல தண்ணி ஆவியா போகும், உப்பு அங்கயேதான் நிக்கும், நீங்க மேல மேல உப்புத் தண்ணியவே ஊத்துவீங்க. இங்க 2003 லயே மழைநீர் சேகரிப்ப கட்டாயம் பண்ணிட்டாங்க, எப்படியும் மொட்டை மாடில பைப் இறக்கத்தான் போறீங்க, அதுல ஒரு லைன வடிகட்டி ஒரு தொட்டில சேத்து வச்சு பூலுக்கு டாப் அப் பண்ணுங்க. மழைத் தண்ணில சுண்ணாம்பே கிடையாது. பிஹெச்ச 7.2 லிருந்து 7.4 குள்ள பிடிச்சு வைங்க, உப்புத் தண்ணிக்கு அதான் பாதுகாப்பு, 7.8 தாண்டினா படிய ஆரம்பிச்சுரும். டெஸ்ட் கிட் வாங்கறப்ப டிபிடி கேட்டு வாங்குங்க, மஞ்சளாகற கிட் வேலை செய்யற குளோரின தனியா காட்டாது.

மறந்துட்டேன், ஸ்கிம்மர (மேல மிதக்கற குப்பைய இழுக்கற வாய்) கிழக்கு சுவத்துல வைங்க. உங்க பக்கம் ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய்ல இருந்து மேக்கத்தி காத்து சுழட்டி அடிக்கும், வேப்பிலை புங்கம்பூ எல்லாம் கிழக்கு ஓரத்துல வந்துதான் ஒதுங்கும், அங்க வாய் இருந்தா அதுவே இழுத்துக்கும்.

ஒயரிங்_வேலூர்:

எலக்ட்ரீஷியன்ங்க. பசங்க குளிக்கறதால ரெண்டு விஷயம் மட்டும் சொல்லிட்டு போறேன். மோட்டார் லைனுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைன கட் பண்ற சுவிட்ச்) கண்டிப்பா தனியா போடுங்க, எர்த் சரியா இருக்கானு மீட்டர் வச்சு பாக்க சொல்லுங்க, தண்ணிக்குள்ள லைட்னா 12 வோல்ட் மட்டும்தான். ரெண்டாவது, அடியில மெயின் டிரெயின் (மோட்டார் தண்ணி இழுக்கற ஓட்டை) ஒண்ணு மட்டும் வைக்காதீங்க. ஒரே ஓட்டைனா மோட்டார் இழுக்கற இழுப்புல குழந்தை முடியோ வயிறோ ஒட்டிக்கிட்டா பெரியவங்களாலயே எடுக்க முடியாது. மூணடியாவது தள்ளி ரெண்டு டிரெயின் போட்டு ஒண்ணா இணைச்சு, குவிஞ்ச மூடி போட்டு ஸ்க்ரூ டைட் பண்ண சொல்லுங்க. மூடி உடைஞ்சா மாத்தற வரைக்கும் யாரையும் இறக்காதீங்க.

தொண்டாமுத்தூர்_தோட்டம்:

நல்லவேளை கேட்டேங்க, எங்க டிராயிங்ல ஒரு டிரெயின்தான் இருக்கு. காலைலயே இன்ஜினியர கூப்பிட்டு மாத்த சொல்லிட்டேன், ஸ்கிம்மரும் கிழக்குக்கு போகுது. கான்கிரீட் அடுத்த வாரம் போடறாங்க. அதுக்கு முன்னாடி வேற எதாச்சும் பாக்கணுமா அண்ணா?

பூல்_மெயின்டெனன்ஸ்_திருப்பூர்:

பைப் எல்லாம் மாட்டின உடனே முனைய எல்லாம் அடைச்சு தண்ணி ஏத்தி பிரஷர் டெஸ்ட் வைங்க சார், ஒரு நாள் முழுக்க கேஜ் முள் இறங்காம நிக்கணும். கான்கிரீட் போடறப்பவும் அந்த பிரஷர இறக்காதீங்க, கம்பியோ வைப்ரேட்டரோ பட்டு பைப் உடைஞ்சா அப்பவே முள் காட்டிக் குடுத்துரும். முள்ள போட்டோ எடுத்து இங்க போடுங்க, பாத்து சொல்றேன்.