வேதத்தைத் திறந்து காட்டியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நாகர்கோவில்

நம்ம மாவட்டத்தில் வேதப்புத்தகம் இல்லாத கிறிஸ்தவ வீட்டைப் பார்ப்பது கஷ்டம். மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் திருவிதாங்கூருக்குள் வந்ததிலிருந்து கணக்குப் பார்த்தாலே இருநூறு வருஷம் தாண்டிவிட்டது. கடற்கரையில் சவேரியார் காலத்துக் கதை அதைவிடப் பழையது. வீட்டில் புத்தகம் இருக்கிறது, சுவரில் வசனம் இருக்கிறது, ஆட்டோவின் பின்னாலும் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்து படிக்க யாராவது ஒருவர் நம்மைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. அப்படி இழுத்தவர்களைப் பற்றி எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

ஒரு புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." வேலை இல்லாமல் இருந்த நேரம், அதனால் அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். எங்கள் சபையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் புதன்கிழமை வேதபாடம் எடுப்பார். அவரிடம் காட்டினேன். "நல்ல வசனம் மக்ளே. ஒண்ணாம் வசனத்துல இருந்து சத்தமா வாசி" என்றார்.

வாசித்தேன். அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்று இருக்கிறது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று வருகிறது. அங்கே நிறுத்தச் சொன்னார். "இந்தக் கடுதாசி போய்ச் சேரும்போது நாப்பது வயசுல இருந்தவன் ஊர் திரும்பியிருப்பானா?" என்று கேட்டார். திரும்பியிருக்க மாட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் பதினோராம் வசனம். அதைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை, பெரிய பலமாக இருந்தது. மறுநாளே ஒரு கடையில் கணக்கு எழுதப் போனேன். பெரிய வேலை வரும் வரைக்கும் சும்மா காத்திருக்கச் சொல்லும் வசனம் இல்லை அது.

குளச்சல் பக்கம்

நாங்கள் கத்தோலிக்கர். அன்பியம் என்கிற அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் கூட்டத்தில் வாரம் ஒரு வீட்டில் விவிலியம் வாசிப்போம். பெரும்பாலும் அந்த ஞாயிறு நற்செய்திதான். 2017 ஒக்கி புயலுக்கு அடுத்த வருஷம் தவக்காலத்தில், திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை எடுப்போம் என்று ஒரு மாமா சொன்னார். விசைப்படகில் ஸ்ராங்காக, அதாவது படகை ஓட்டும் தலைவராக இருந்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், ஆனால் எழுத்துக்கூட்டியாவது தினமும் வாசிப்பவர்.

பவுல் கைதியாக ரோமைக்குப் போகும் கப்பல் புயலில் மாட்டும் அதிகாரம் அது. மாமா ஒவ்வொரு வரியாக விளக்கினார். கடற்பயணத்துக்கு ஆபத்தான பருவம் வந்துவிட்டது, போக வேண்டாம் என்று பவுல் சொல்கிறார். நூற்றுவர் தலைவன் மாலுமியும் கப்பல் முதலாளியும் சொன்னதைத்தான் கேட்கிறான். "சரக்கு போய்ச் சேரணும்ணு அவனுவளுக்கு. உள்ள இருக்குத உயிரு யாருக்குக் கணக்கு?" என்றார் மாமா. தெக்கன் காற்று லேசாக அடித்ததும் நங்கூரத்தைத் தூக்கிவிடுகிறார்கள். அந்த லேசான காற்றை நம்பித்தான் போனார்கள் என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

பதினான்காம் நாள் நள்ளிரவில் கரை நெருங்குவது போலத் தெரிந்து ஆழம் பார்க்கிறார்கள். முதலில் இருபது பாகம், கொஞ்சம் போனதும் பதினைந்து பாகம். பின்னணியத்திலிருந்து நான்கு நங்கூரம் போடுகிறார்கள். வழக்கமாக முன்னால் அணியத்திலிருந்துதானே போடுவோம், இங்கே ஏன் பின்னால் என்று கேட்டேன். முன்னால் போட்டால் கப்பல் காற்றுக்குத் திரும்பிவிடும், பின்னால் போட்டால் அணியம் கரையைப் பார்த்தே நிற்கும், விடிந்ததும் நேரே கரையில் ஏற்றலாம் என்றார். எத்தனையோ மறையுரை கேட்டிருக்கிறேன், இதை யாரும் சொன்னதில்லை. இதை எழுதியவர் அந்தக் கப்பலில் இருந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு உறுதியாகத் தோன்றியது. அந்த அதிகாரம் முழுக்க "நாங்கள்" என்றுதானே போகிறது.

கடைசியில் 276 பேரும் கரை ஏறுகிறார்கள். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டும். அதை வாசித்து முடித்ததும், 2017 நவம்பர் 30-க்குப் பிறகு திரும்பி வராத ஒருவரின் மனைவி கேட்டார்: "அங்க எல்லாரும் கரை ஏறிட்டாங்க. எங்க வீட்டு ஆளு மட்டும் ஏன் வரல?"

யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மாமா மெதுவாக 2 கொரிந்தியர் 11-ஐப் புரட்டினார். மூன்று முறை கப்பல் சிதைவில் சிக்கினேன், ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் கிடந்தேன் என்று பவுல் அங்கே எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் இந்த ரோமைப் பயணத்துக்கு முன்னாலேயே எழுதியது, அப்படியானால் இது நான்காவது. "இவனுக்குக் கடலு தெரியும். சும்மா பேசுதவன் இல்ல" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் அந்த அக்காவே திருப்பாடல் 88 வாசிக்கலாமா என்று கேட்டார். முழுக்கப் புலம்பல், கடைசி வரி வரை இருட்டு, ஆறுதல் என்று ஒரு வரி கிடையாது. இப்படி ஒரு பாடலையும் இறைவார்த்தை என்று திருச்சபை வைத்திருக்கிறதே என்று அவர் சொன்னார். அதன் பிறகு அவர் ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.

பூதப்பாண்டி

கடலைப் பற்றி எழுதிவிட்டீர்கள், நான் வயலைப் பற்றி எழுதுகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ரூத் இரண்டாம் அதிகாரம் வாசித்தோம். வயசான பாட்டி ஒருவர், சின்ன வயசில் கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு அறுப்புக்கும் வயலில் நின்றவர், கதிர் பொறுக்கியும் பிழைத்தவர். இப்போது மெஷின் அறுப்பு, பொறுக்க என்ன கிடக்கும்?

ரூத் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கியதைத் தட்டி அளந்தால் ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை என்று வாசித்தோம். மூலத்தில் எபா, சுமார் இருபத்திரண்டு லிட்டர் என்று அடிக்குறிப்பைப் பார்த்துச் சொன்னேன். பாட்டி உடனே, "ஒத்தைப் பொம்பள ஒரு நாளுல அவ்வளவு பொறுக்க முடியாது. எவனோ வேணும்னே விட்டிருக்கான்" என்றார். ஒரு வசனம் மேலே போனால் வயல்காரன் போவாஸ் தன் வேலைக்காரரிடம் அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சிந்தவிடச் சொல்லியிருக்கிறான். பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது, அந்த வசனத்தை அவர் பார்த்திருக்க வழியில்லை. ரூத்தின் மாமியார் நகோமியும் அளவைப் பார்த்த உடனே "இன்று எங்கே பொறுக்கினாய்?" என்றுதான் கேட்கிறாள்.

அவளைத் தொடக்கூடாது என்று போவாஸ் கட்டளையிட்டதைத்தான் பாட்டி திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். எதற்கு என்று அங்கே இருந்த பெண்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து லேவியராகமம் 19 எடுத்தேன். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று இருக்கிறது. பலரும் தாண்டிப் போகிற புத்தகம். ரூத்தும் நகோமியும் உயிர் பிழைத்தது அந்தச் சட்டத்தால்தான்.

மார்த்தாண்டம்

சுருக்கமாக ஒன்று. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைப் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனோம். திருவிதாங்கூர்ப் படைத்தளபதியாக இருந்த டிலனாயின் கல்லறைப் பக்கத்தில் நின்று எங்கள் மூத்த ஆசிரியை யோபின் கதையைச் சொன்னார். நட்டாலம் நீலகண்ட பிள்ளை நஷ்டத்தில் நொந்திருந்தபோது டிலனாய் அவருக்குச் சொன்ன கதை அது. அந்த நீலகண்டர் 1745-ல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனவர். 2022-ல் புனிதராக அறிவித்தார்களே, அவர்தான்.

பிறகு ஆசிரியை கேட்டார்: "துவக்கம் அற்பமாயிருந்தாலும் முடிவு சம்பூரணமாயிருக்கும், இதை யார் சொன்னது?" கடைத் திறப்புவிழா தோறும் பார்க்கிற வசனம், எல்லாப் பிள்ளைகளும் கர்த்தர் என்றார்கள். சொன்னது யோபின் நண்பன் பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த தகப்பனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்ற அர்த்தத்தில் பேசிவிட்டு அதே மூச்சில் சொன்னது. கடைசி அதிகாரத்தில் கர்த்தர், யோபைப்போல நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று அந்த நண்பர்களைக் கடிந்துகொள்கிறார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் எந்த வசனம் வந்தாலும் முதலில் மூன்று கேள்வி: யார் சொன்னது, யாரிடம், எந்த நிலைமையில்? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இப்போது எங்களைக் கேட்கிறார்கள்.

தக்கலை

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இருபத்தொரு வயது, செயலியில் தினம் ஒரு வசனம் வரும், அவ்வளவுதான். ஆதியாகமம் தொடங்கி வருஷத்தில் முடிப்பதா, வேறு வழி இருக்கிறதா?

நாகர்கோவில்

தம்பி, மொத்தம் 1,189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று போனால் வருஷத்தில் முடியும், அதுவும் நல்ல பழக்கம்தான். ஆனால் முதலில் மாற்கு எடு. பதினாறு அதிகாரம், ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்குள் வாசித்துவிடலாம். தனியாக வேண்டாம், வீட்டில் யாரையாவது உட்கார வைத்து மாறி மாறிச் சத்தமாக வாசியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வை. புதன்கிழமை ஏழு மணிக்கு எங்கள் வேதபாடத்துக்கு அந்தக் கோடுகளோடு வா. வாத்தியார் கேள்வியோடு வருகிறவர்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்.