மேக்ரோவுக்கு விரிநிரல், தங்க்குக்கு மடிநிரல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மேக்ரோவுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘குறுநிரல்’ என்று இருப்பதை அப்படியே விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பழகிய சொல்லை மாற்றுவதில் எனக்கும் விருப்பமில்லை. விரிதாளில் விசையழுத்தங்களைப் பதிந்துவைக்கிற மேக்ரோவுக்கு அது போதும். ஸ்கீம் என்ற நிரல்மொழிப் பாடத்தில் போதாது. அங்கே உண்மையிலேயே குட்டியான நிரல் ஒன்று வேறு இருக்கிறது. அதுதான் தங்க்: உள்ளீடு எதுவும் வாங்காத செயல்முறை. இந்த இரண்டில் எதைக் குறுநிரல் என்பது?

ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளக்க ‘நேரம்பார்’ என்றொரு செயல்முறை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(நேரம்பார் (அடுக்கு பட்டியல்))

ஓட்டினால் விடை கிட்டத்தட்டச் சுழியம்தான் வரும். ஸ்கீமில் ஒரு செயல்முறைக்குள் நுழையும் முன்பே அதன் உள்ளீடுகள் மதிப்பிடப்பட்டுவிடும். நேரம்பார் கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் அடுக்கும் வேலை முடிந்துபோயிருக்கும். அதன் கைக்கு வருவது அடுக்கிய பட்டியல் மட்டுமே. சரி, வேலையை லாம்டாவுக்குள், அதாவது பெயரில்லாத ஒரு செயல்முறைக்குள், வைத்துக் கொடுத்துப் பார்ப்போம்.

(நேரம்பார் (லாம்டா () (அடுக்கு பட்டியல்)))

இந்த லாம்டாதான் தங்க். இப்போது உள்ளே போவது விடை அல்ல, வேலையே. நேரம்பார் தனக்கு வேண்டும்போது அதை அழைத்துக்கொள்ளும். பத்து முறை அழைத்துச் சராசரி கூடப் பார்க்கலாம். கட்டுச்சோறு மாதிரி: கட்டிக் கொடுப்பவர் ஒருவர், பிரிக்கும் நேரத்தை முடிவு செய்பவர் இன்னொருவர்.

ஒவ்வொரு முறையும் லாம்டா எழுதச் சலிப்பாக இருந்தால் வேறொரு பெயரில் ஒரு மேக்ரோ எழுதிக்கொள்ளலாம். முதல் வரியைப் போல எழுதினாலே போதும். நிரல் ஓடத் தொடங்கும் முன்பே அது இரண்டாம் வரியாக மாறிவிடும். இந்த மாற்றம்தான் மேக்ரோ. ஓடும் நேரத்தில் அது இருப்பதே இல்லை. தங்க்கைப் பட்டியலில் போட்டு வைக்கலாம், இன்னொரு செயல்முறைக்கு அனுப்பலாம். மேக்ரோவை அப்படி யார் கையிலும் கொடுக்க முடியாது. ஆகவே சொல்லில் தெரியவேண்டியது அளவு அல்ல, விரிவு. ‘பெருநிரல்’ என்ற மாற்றும் இதே காரணத்தால் எனக்குச் சரிப்படவில்லை.

என் பரிந்துரை ‘விரிநிரல்’. வினைத்தொகை, விரிந்த, விரிகிற, விரியும் மூன்றும் அதில் அடங்கும். விரிதாள் ஏற்கெனவே புழங்குவதால் நாக்குக்கும் புதிதில்லை. 1986இல் ஆய்வாளர் கோல்பெக்கரும் மற்ற மூவரும் முன்வைத்த வகை, அதாவது விரியும்போது உள்ளே வரும் தற்காலிகப் பெயர்கள் பயனர் வைத்த பெயர்களோடு மோதாத வகை, ‘கலப்பில்லா விரிநிரல்’ ஆகலாம். ஆங்கிலத்தில் ஹைஜீனிக் என்பதால் ‘சுகாதார மேக்ரோ’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நகராட்சி வேலை போலக் கேட்கிறது.

தங்க்தான் சிக்கல். ஆல்கால் 60 என்ற பழைய நிரல்மொழியில் உள்ளீட்டை மதிப்பிடாமல் பெயரளவில் அனுப்பும் முறைக்காக 1961இல் இங்கர்மன் என்பவர் எழுதிய கட்டுரையில் வந்த சொல் அது. சொல்லே விளையாட்டாகப் பிறந்தது என்பதால் மூலத்தைத் துருவிப் பயனில்லை. ‘பொதிநிரல்’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் லினக்ஸ் பக்கம் பொதி என்றால் பேக்கேஜ். அதனால் ‘மடிநிரல்’ என்கிறேன். மடித்து வைத்தது, பிறகு பிரிப்பது. விரிநிரலுக்குப் பக்கத்தில் வைத்தால் இணையாகவும் நிற்கிறது. மடி என்றால் சோம்பல் என்றும் பொருள் உண்டு. குறளில் மடியின்மை ஓர் அதிகாரம். கேட்கும்வரை வேலையைத் தொடாத நிரலுக்கு அதுவும் பொருத்தம்தானே!

மடிக்கணினி நினைவுக்கு வரும் என்ற ஆட்சேபத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. அங்கே மடி தொடையின் மேற்புறம். இடம் பார்த்தால் குழப்பம் வராது. ஃபோல்டு என்ற செயல்முறைக்கு ‘மடி’ வேண்டுமே என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அது பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே விடையாகச் சேர்க்கிறது. ‘திரட்டு’ என்றால் செய்யும் வேலையே தெரிந்துவிடுமே.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன் (டைனமிக்-வைண்ட், லெட் இரண்டும் ஸ்கீமில் உள்ளவை): “டைனமிக்-வைண்ட் மூன்று மடிநிரல்களை வாங்கும், முதலாவது நுழையும்போது ஓடும், இரண்டாவது வேலையைச் செய்யும், மூன்றாவது வெளியேறும்போது ஓடும்.” “லெட் என்பதை லாம்டா அழைப்பாக மாறும் விரிநிரலாக எழுதலாம்.” படிக்க இடறவில்லை.

ஒன்று பாக்கி. ஸ்கீமில் வேலையைத் தள்ளிப்போட உதவும் டிலே, ‘கேட்கும்போது தருகிறேன்’ என்பதுபோல ஒரு ப்ராமிஸைத் தரும். அதை மடிநிரல் கணக்கில் சேர்க்கவேண்டாம். மடிநிரல் அழைக்கும்போதெல்லாம் புதிதாக ஓடும். ப்ராமிஸ் முதல்முறை கிடைத்த விடையை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் தரும். அதற்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. இருப்பவர்கள் எழுதுங்கள், அடுத்த பதிப்புக்குள் சேர்த்துவிடலாம்.