சோன்யூல் (லென்ஸைத் தாங்கும் இழைகள்) தளர்ந்த கண்ணில் கண்புரை ஆபரேஷன்: பார்வை எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மன்னார்குடி ஆப்டோமெட்ரிஸ்ட்:
முகாமுக்கு வந்த 71 வயது அம்மா. வலது கண் பார்வை 6/60, நியூக்ளியஸ் (லென்ஸின் நடுக்கரு) கெட்டித்தன்மை கிரேடு 3. சொட்டு மருந்து விட்டும் கண் பாப்பா 4.5 மி.மீ.க்கு மேல் விரியவில்லை. அதன் ஓரத்தில் பொடுகு போல வெள்ளைப் படிவு. கண்ணைத் திருப்பச் சொன்னால் லென்ஸ் நடுங்குகிறது. கண்ணுக்குள் அழுத்தம் 24. பார்வை திரும்புமா, சம்பா அறுவடை முடிந்து மாசியில் செய்யலாமா என்று வீட்டார் கேட்கிறார்கள். மற்றவர்களோடு சேர்த்து முகாம் பட்டியலில் அனுப்பலாமா?

தஞ்சை ஃபேக்கோ சர்ஜன்:
பட்டியலில் சேர்க்காதீர்கள், மேடம். இது சூடோஎக்ஸ்ஃபோலியேஷன், வெள்ளைப் படிவு சேர்ந்து சோன்யூலைத் தளர்த்தும் நோய். ஹூக் (இழுத்துப் பிடிக்கும் கொக்கி), டென்ஷன் ரிங் (லென்ஸ் உறையை விரித்துத் தாங்கும் வளையம்), விட்ரெக்டமி மெஷின் (கண்ணின் உள் ஜெல்லை வெட்டும் கருவி) மூன்றும் மேஜையில் தயாராக உள்ள இடத்துக்கு அனுப்புங்கள்.

நடுக்கத்தை மருந்து விடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். விரித்தால் சிலியரி தசை தளர்ந்து சோன்யூல் இழுபடும், நடுக்கம் மறைந்துவிடும். விரித்த பிறகும் நடுங்கினால் தளர்ச்சி அதிகம். இரண்டு கண்ணின் முன்னறை ஆழத்தையும் ஒப்பிடுங்கள், 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் அதுவே எச்சரிக்கை.

ஆபரேஷனில் ரெக்சிஸ் (லென்ஸ் உறையின் முன்பக்கத்தில் போடும் வட்டத் திறப்பு) 5 முதல் 5.5 மி.மீ. இருக்கட்டும். சின்னதாகப் போட்டால் பிற்பாடு லென்ஸ் உறையான பை சுருங்கி, மிச்சமுள்ள சோன்யூலையும் இழுக்கும். நியூக்ளியஸ் தடையின்றிச் சுழலும்வரை, அதை உறையிலிருந்து பிரிக்கத் திரவம் பீய்ச்சும் ஹைட்ரோடிசெக்‌ஷன் செய்யாமல் திருப்பவே கூடாது. திரவ பாட்டில் உயரத்தைக் குறைத்து, தள்ளிச் செதுக்காமல் சாப் செய்ய (பிளந்து எடுக்க) வேண்டும். ஃபேக்கோ ப்ரோபை (லென்ஸை உடைத்து உறிஞ்சும் கருவி) வெளியே எடுக்கும் முன் விஸ்கோ ஜெல் நிரப்புங்கள். முன்னறை ஒருமுறை சரிந்தாலே விட்ரியஸ் (கண்ணின் உள் ஜெல்) முன்னே வந்துவிடும். கார்டெக்ஸை (நியூக்ளியஸைச் சுற்றியுள்ள மென்பகுதி) நடுப்பக்கமாக இழுக்காமல் விளிம்பை ஒட்டிப் பக்கவாட்டில் உரிக்க வேண்டும்.

கடிகார முகப்பில் 3, 4 மணி அகலத் தளர்ச்சிக்கு சாதா ரிங் போதும். அதற்கு மேல் என்றால் ஸ்க்லீராவில் (கண்ணின் வெள்ளைச் சுவர்) தைக்கும் சியோன்னி ரிங் அல்லது செக்மென்ட் (துண்டு வளையம்). பை கிழிந்திருந்தால் ரிங் போடவே கூடாது, கிழிசல் பெரிதாகும்.

பை தப்பித்து லென்ஸ் நடுவில் அமர்ந்தால் பார்வை பெரும்பாலும் சாதாரண கண்புரைக்கு நிகராகவே வரும். இந்த அம்மாவுக்கு என் கவலை பார்வை நரம்புதான். அழுத்தம் 24 என்றால் டிஸ்கை (பார்வை நரம்பின் முனை) பார்க்காமல் வீட்டாருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். கிளாக்கோமா நரம்பைத் தின்றிருந்தால் எந்த லென்ஸும் அதை மீட்காது. அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து இன்றே தொடங்கட்டும். மாசிவரை இழுத்தால் நியூக்ளியஸ் இன்னும் கெட்டியாகி சோன்யூலுக்குத்தான் சுமை.

திருச்சி ரெட்டினா சர்ஜன்:
நியூக்ளியஸ் பின்னே நழுவினால் ஃபேக்கோ ப்ரோபை உள்ளே விட்டுத் துரத்தாதீர்கள். முன்பகுதி விட்ரியஸைச் சுத்தமாக வெட்டி, காயத்தை மூடி, எங்களிடம் அனுப்புங்கள். பை முழுதும் போனாலும் ஐரிஸைக் கவ்வும் க்ளா லென்ஸ் அல்லது ஸ்க்லீராவில் பொருத்தும் லென்ஸ் வைத்து நல்ல பார்வை தரலாம். பசை வைத்துப் பொருத்தும் முறையை அமர் அகர்வால் 2007-இல் சென்னையில்தான் தொடங்கினார்.

ரிங் போட்டாலும் சோன்யூல் தேய்வது நிற்காது. பல ஆண்டுகள் கழித்து லென்ஸ் பையோடு சேர்ந்து இறங்கலாம். அப்போது ரிங்கைப் பிடித்து ஸ்க்லீராவில் தைத்துவிட முடியும், அது ஒரு நன்மை.

மன்னார்குடி ஆப்டோமெட்ரிஸ்ட்:
நன்றி டாக்டர். கண்ணாடி எப்போது? தூரம், கிட்ட இரண்டும் தெரியும் மல்டிஃபோகல் லென்ஸ் கேட்டால்?

தஞ்சை ஃபேக்கோ சர்ஜன்:
மல்டிஃபோகல் வேண்டாம், லென்ஸ் சற்று நகர்ந்தாலே மங்கும். மறுநாளே அழுத்தம் பாருங்கள், இந்தக் கண்களில் சட்டென்று ஏறும். ஒரு மாதம் களத்துத் தூசி படக் கூடாது. கண்ணாடி ஆறாவது வாரத்தில். பிறகு பவர் திடீரென மாறினாலோ, உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ கண்ணாடியை மாற்றிக்கொடுத்து அனுப்பாமல், பாப்பாவை விரித்து லென்ஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.