மலைக்கு மேலே இருக்கும் தாயை வீடியோ காலில் பார்த்தால் போதுமா?

கம்பத்துக்காரன்:
என் தாயார் வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியே இருக்கிறார். கம்பத்தில் பேருந்து ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். இருந்தும், தினமும் இரவில் வீடியோ காலில் முகம் பார்த்துவிடுவதால், இரண்டு மாதமாக நான் போகவே இல்லை. அம்மா கால் வீங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்பது பக்கத்து லயத்து அக்கா சொல்லித்தான் தெரிந்தது. அத்தனை நாளும் கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசியிருக்கிறார். நான் கண்டதெல்லாம் அவர் நெற்றியும் பின்னால் தொங்கிய நாள்காட்டியும்தான். பார்த்துவிட்டோம் என்ற நிறைவை இந்த வசதி மிக எளிதாகத் தந்துவிடுகிறது என்பதே என் குற்றச்சாட்டு.

குமுளி ஏலக்காய்:
ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பழியை இடம் மாற்றிப் போடுகிறீர்கள். 2020 ஊரடங்கில், இ-பாஸ் இல்லாமல் கேரள-தமிழக எல்லைச் சோதனைச்சாவடியைக் கடக்க முடியாத நாள்களில், கூடலூரில் இறந்த என் பெரியப்பாவின் முகத்தை வாட்ஸ்அப்பில்தான் கடைசியாகப் பார்த்தேன். தம்பி கைபேசியைத் தலைமாட்டில் பிடித்திருந்தான்; வாய்க்கரிசி போட்ட அண்ணனின் விரல்கள் நடுங்கியது வரை தெரிந்தது. 2016 நவம்பரில்தான் அந்தச் செயலியில் வீடியோ அழைப்பே வந்தது. அந்தச் சாவு அதற்கு முன்பாக நேர்ந்திருந்தால், எங்கள் வீட்டில் ஒப்பாரிச் சத்தத்தைக் காதில் மட்டும் கேட்டிருப்போம்.

ஏலப்பாறை வாசகர்:
சிக்னல் குறைந்த மலைச்சரிவில் படம் உறைந்து நின்றால் கேமராவை அணைத்துவிடுங்கள்; குரலுக்கு மிகக் குறைந்த டேட்டாவே போதும் என்பதால் பேச்சு தெளியும். தனியே இருக்கும் முதியவர்களிடம் இன்னொன்றையும் சொல்லி வையுங்கள்: காவல்துறைச் சீருடையில் வீடியோ காலில் தோன்றி, ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

குமுளி ஏலக்காய்:
கம்பத்து ஐயாவுக்கு ஒரு கேள்வி. அம்மாவை எழுந்து நான்கு அடி நடந்து காட்டச் சொல்லியிருந்தால் அன்றே தெரிந்திருக்குமே? ஒன்றிய அரசின் இ-சஞ்சீவனி என்ற இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையில் மருத்துவரிடமே காலைக் காட்டியிருக்கலாம்.

கம்பத்துக்காரன்:
கேட்காதது என் தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கா அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்தியபோது குழி விழுந்து, வெகுநேரம் மேலெழாமல் இருந்ததாம். திரையில் மருத்துவரே பார்த்தாலும், அழுத்திக் காட்ட ஒரு கை பக்கத்தில் வேண்டாமா? நாளைக் காலை முதல் பேருந்தில் போய் அம்மாவைக் கம்பத்துக்கே அழைத்து வருகிறேன்.