ஒன்றரை வட்டிக்கு 40,000 வாங்கினேன், போன் 48,000 வட்டி காட்டுகிறது, எங்கே தப்பு?

அல்சூர்_தையல்:
வணக்கம். அல்சூரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஓவர்லாக் மிஷின் வாங்க எங்கள் தெருக்காரர் ஒருவரிடம் 40,000 ரூபாய் ஒன்றரை வட்டிக்கு வாங்கினேன், வட்டியை மொத்தமாகக் கடைசியில் கொடுப்பதாகப் பேச்சு. 8 மாதம் ஆகிவிட்டது, வட்டி 4,800 என்கிறார். எதற்கும் சரிபார்ப்போமே என்று போனில் 40000 × 0.15 × 8 போட்டால் 48,000 வருகிறது, முதலைவிட வட்டி அதிகம்! நல்லவேளை அவரிடம் காட்டவில்லை.

கணக்குப்புலி:
0.15 என்றால் 15 சதவீதம். சதவீதம் என்பதே நூற்றில் இத்தனை என்பதுதான், அதனால் 100ஆல் வகுக்கணும், அதாவது புள்ளி இடப்பக்கம் இரண்டு இடம் தள்ளிப்போகும். 1.5இல் புள்ளிக்கு முன்னால் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது, இன்னொரு இடத்துக்குப் பூஜ்யம் போட்டால் 0.015. அந்தப் பூஜ்யத்தை விட்டதால்தான் பத்து மடங்கு. 40000 × 0.015 × 8 = 4,800.

ராஜாஜிநகர்_வாசி:
இன்னொன்று. ஒன்றரை வட்டி என்று நம்ம ஆட்கள் சொல்வது மாதத்துக்கு, பேங்க் சொல்வது வருஷத்துக்கு. வருஷக் கணக்கில் இது 18 சதவீதம், 0.18. அப்படிப் போட்டால் 8 மாதத்தை 8/12 வருஷமாக்கணும். மறந்துபோய் 8ஆல் பெருக்கினால் 57,600 வரும், மயக்கமே வந்துவிடும்.

சிவாஜிநகர்_பெரியவர்:
எனக்கு இந்தப் புள்ளி சமாசாரமே ஆகாது தம்பி. 40,000இல் 400 நூறு, நூற்றுக்கு ஒன்றரை ரூபாய், மாதம் 600. தீர்ந்தது. அது இருக்கட்டும், கையில் முழுசாகக் கொடுத்தாரா, முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டாரா? நடுவில் முதலில் ஏதாவது கட்டினாயா?

அல்சூர்_தையல்:
39,400தான் கொடுத்தார் ஐயா. 4 மாதம் முடிந்ததும் தீபாவளித் துணி தைத்த காசில் 20,000 திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சிவாஜிநகர்_பெரியவர்:
அதானே பார்த்தேன். முதல் 4 மாதம் 2,400. அப்புறம் 20,000க்கு மாதம் 300தானே, 4 மாதத்துக்கு 1,200. ஆக 3,600, அதில் முன்னாடியே பிடித்த 600 போனால் பாக்கி 3,000. எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதே, 20,000 கொடுத்த தேதி அவர் நோட்டில் இருக்கிறதா என்று பார்.

அல்சூர்_தையல்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். தேதி இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது, வட்டியை மட்டும் பழைய 40,000க்கே போட்டு வைத்திருக்கிறார். காட்டியதும் தலையைச் சொறிந்துகொண்டு, 'சரி, 3,000 கொடு' என்றார்.